ஜன்னலோர மூட்டை

மத்தியானம் இரண்டே கால். இரணியல் தாண்டி, இருபுறமும் செம்மண் மேடு உயர்ந்து நிற்கும் ஆளில்லாத தண்டவாளம். பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? நம்ம தெரு ஜெஸ்பினுடைய அத்தான் ஆன்ஸ்லினுக்கு இது நடந்தபோது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

அவர் ரயில்வேயில் டெக்னீஷியன். புதிதாக வந்த டீசல் ரயில் காரை அன்றைக்கு ஓட்டிப் பார்த்தார்கள். அதை இழுக்கத் தனி எஞ்சின் கிடையாது, பெட்டியின் தரைக்கு அடியிலேயே எல்லாம். ஜனங்களை ஏற்றுவதற்கு முன்னால் ஆள் கனத்துக்கு மணல் மூட்டை வைத்துச் சோதிப்பார்கள். சீட்டுக்கு ஒன்று. முன்னால் டிரைவர் ஆறுமுகப்பெருமாள். பின்பெட்டியில் ஆன்ஸ்லின் மட்டும்... மூட்டைகளோடு.

செம்மண் மேடுகளுக்கு நடுவே நுழைந்ததும் நாற்றம் அடித்தது. குழந்தை கக்கிய பால், துணியிலேயே கிடந்து புளித்துப்போனால் வருமே... அது. தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொண்டது. வாக்கிடாக்கியை எடுத்தார்.

“அண்ணே, அங்க நாத்தம் வருதா?”

“இல்லியே மக்கா. பிரேக் போடப் போறேன், பிடிச்சுக்கோ.”

கிறீச்... மூட்டைகள் மொத்தமும் சாய்ந்தன. ஜன்னலோரம் ஒன்று கிழிந்து மணல் சரசரவென்று கொட்டியது. கனம் குறைந்தால் சோதனை பாழ். ஆன்ஸ்லின் ஓடிப்போய் ஓட்டைக்குள் விரலைச் செருகினார்.

உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. வழவழப்பு... எச்சில் மாதிரி. விரலைச் சுற்றி ஏதோ மெதுவாக மூடியது. பல் முளைக்காத ஈறு. பிறகு சப்பத் தொடங்கியது. ம்ச்... ம்ச்...

இழுத்தார். விடவில்லை. சீட்டில் காலை ஊன்றி இழுத்தார்... சளக்! விரல் முழுக்க மஞ்சள் கோழை, நடுவே திரிதிரியாய்ப் பால். அங்கேயே வாந்தி எடுத்தார்.

பள்ளியாடியில் வண்டி நின்றதும் ஆறுமுகப்பெருமாள் வந்து மூட்டையைக் கவிழ்த்தார். கொட்டியதெல்லாம் காய்ந்த மணல்.

“வெயில்ல தல சுத்தியிருக்கும் மக்கா. கொஞ்சம் வெள்ளம் குடி.”

ஆன்ஸ்லின் கையை நீட்டினார். டிரைவர் குனிந்து முகர்ந்தார். திரும்ப நாகர்கோவில் வந்து சேரும்வரை மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

டெட்டால், எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய்... தோல் உரிந்ததுதான் மிச்சம். விரல் நுனி நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்ததுபோல வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. அந்தக் கையால் சோறு பிசைய முடியவில்லை. ஸ்பூனால் தின்றாலும் பாதியில் ஓங்கரித்தது. சோதனை அறிக்கையில் குறை ஒன்றும் எழுதவில்லை. என்னவென்று எழுதுவார்? அடுத்த வாரம் ஜனங்கள் ஏறி உட்கார்ந்தார்கள்.

ஒன்பதாம் நாள் மத்தியானத் தூக்கத்திலிருந்து விழித்தபோது விரலில் நாற்றம் இல்லை. முகர்ந்து முகர்ந்து பார்த்தார். சுத்தமாக இல்லை. சந்தோஷம் தாங்காமல் பக்கத்தில் படுத்திருந்த மனைவி சுஜியை எழுப்பினார்.

கல்யாணம் ஆகி ஏழு வருஷம். அவர்களுக்குக் குழந்தை கிடையாது.

எழுந்து உட்கார்ந்த சுஜி குனிந்து தன்னைப் பார்த்தாள். நைட்டியின் மார்புப் பக்கம்... தொப்பலாக நனைந்திருந்தது.