மேயர் வாயில் என் கட்டைவிரல்

...இல்ல தம்பி, நகராத, உக்காரு. துண்டுக்குள்ள இருக்கறது பாம்புதான், ஆனா விஷம் கெடையாது. கிங்ஸ்னேக். கறுப்புல வெள்ளப் பட்டை, எவ்வளவு லட்சணம் பாரேன்... என் கட்டைவிரலா? அது வெளிய தெரியாது. அவன் வாய்க்குள்ள இருக்கு. அரை மணி நேரமா!

உஷ்... சத்தமாக் கேக்காத. எங்க வீட்டுக்காரர் டெல்மர் வெளிய வண்டி நிறுத்த நெழல் தேடிட்டு இருக்காரு. இந்த டூசான் ஊரு வெயில்ல நெழல் கெடைக்கறதுக்குள்ள விடிஞ்சிரும், நல்லதாப் போச்சு. பாம்புக்குச் சளின்னு பொய் சொல்லித்தான் அவரை வண்டி ஓட்ட வச்சேன். அவரு உள்ள வர்றதுக்குள்ள மிருக டாக்டர் என்னயக் கூப்புடணும், இவன் வாயத் தெறக்கணும். இல்லன்னா எங்க வீட்ல மேயருக்கு இன்னியோட கடைசி.

மேயர்னா இவன்தான். எதைக் கண்டாலும் வாயப் போடுவான், போட்டா விடமாட்டான். வேற என்ன பேரு வைக்க?

உன் முயலுக்கு என்ன, பல்லா? பாவம். இன்னிக்கி எல்லாருக்கும் பல்லுதான் தொல்லை.

கொணம்னு பாத்தா இவன் தங்கம் தம்பி. சட்டைக் கைக்குள்ள பூந்து கழுத்துப் பக்கமா எட்டிப் பாப்பான். கோவம் வந்தா வாலைப் படபடன்னு ஆட்டுவான், பெரிய கிலுகிலுப்பைப் பாம்புன்னு நெனப்பு! நெசக் கிலுகிலுப்பையையே முழுங்கற சாதிதான... அதனாலதான் நம்ம பக்கம் கிங்ஸ்னேக் வீட்டுப் பின்னால வந்தா யாரும் மம்பட்டி தூக்கறதில்ல.

ஆனா சோறுன்னு வந்துட்டா மூளை கழண்டுரும். எலி வாடை அடிச்சா அது எலி. அவ்வளவுதான் கணக்கு! ஒரு நாள் தன் வாலையே கவ்விட்டு, எவன்டா என்னயக் கடிக்கிறதுன்னு முழிச்சான். இவன எனக்கு வித்த கடைக்காரன் சொன்னான், "கொழந்தை மாதிரிங்க"ன்னு. கொழந்தை மாதிரிதான், எல்லாத்தையும் வாயில வைக்குது!

போன மாசம் பொட்டியச் சுத்தம் பண்றேன்னு டெல்மர் வேலைக் கையுறையோட இவனத் தூக்குனாரு. லபக்! தோல்ல ஒரு கீறல் இல்ல. ஆனா மனுஷன் அடுப்படிய மூணு சுத்து சுத்தி, நாற்காலி மேல ஏறி நின்னு அலறுனாரு. "இன்னொரு வாட்டி கடிச்சான்னா இவன் யூமாவுல ஒங்கண்ணன் வீட்டுக்குப் போயிரணும்"னுட்டாரு. அங்க ஏற்கனவே மூணு பாம்பு இருக்கு தம்பி! இவன் பாம்பும் திம்பான்! ஒரே மாசத்துல அங்க ஒத்தப் பாம்புதான் இருக்கும், அதுவும் குண்டா. அப்புறம் அண்ணன் என் மூஞ்சில முழிப்பானா?

கையா? கழுவுனேனே... நேத்து. சரி சரி, அப்படிப் பாக்காத. இவன் சாப்பாட்டுக்கு ஃப்ரீசர்ல வச்சிருந்த செத்த எலிய எடுத்து, ஐஸ் போக வெந்நீர்ல போட்டேன், அக்கா போன் பண்ணுனா, பேச்சு நீண்டு போச்சு. பசியோட இருக்கானேன்னு அதே கையால தடவிக் குடுத்தேன். பாசம் தப்பா?

எதைக் காட்டுற? மேசை மேல இருக்கற சானிடைசரா? இவன் வாயோரமா ஒரே சொட்டா? ஐயோ, அது சாராயம்ல, பிஞ்சு வாய்... ஏய், ஊத்திட்டியே! ...ஆ! விட்டுட்டான்! விட்டுட்டான் தம்பி! நீ நல்லா இருப்ப! துண்ட இப்படிச் சுத்திட்டேன்னா விரல் தெரியாது. மேயரு பொழச்சான்!

உன்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். டெல்மரக் கடிச்சதும் இவன் தப்பில்ல. எலி வாடை கையில ஒட்டுனா எனக்குப் புடிக்காது. அதனால மூணு மாசமா எலியெல்லாம் அவரு கையுறையப் போட்டுத்தான் எடுத்தேன். எடுத்துட்டு அதே ஆணியில மாட்டிருவேன். இன்னிக்கி ஆணியில அதக் காணோம், அதான் வெறுங்கை. அவரு பாவம், எலி வாடை எங்கேர்ந்து வருதுன்னு வீடு முழுக்கப் பொறி வச்சிருக்காரு! நான்தான்னு எப்படிச் சொல்ல?

இந்தா, வந்துட்டாரு. வாங்க டெல்மர்! மேயருக்குச் சளி தேவல. தம்பி, நீ எங்க எந்திரிக்கற? உன்னைக் கூப்புடலியே... டெல்மர், கையில என்ன அது? ஸ்டியரிங் சுடுதா? சரி, சுடட்டும், அதுக்குன்னு... வேணாம், தடவ வேணாம்! பாசமா இருந்தாலும் வேணாம்! கையப் பின்னால கட்டுங்க! டெல்மர், அந்தக் கையுறைய மொதல்ல...

தம்பி! ஏ தம்பி! முயலத் தூக்கிட்டுப் போ, அந்த சானிடைசர வச்சிட்டுப் போ!