எண்ணி முடித்த தடம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் தோழி இவாஞ்சலினின் கணவர் ஜான்ராஜுக்கு நடந்தது. போன மாசியில்.

சாயங்காலம் ஆறே முக்கால். திருச்சுழிக்குக் கிழக்கே, குண்டாற்றங்கரையில், சீமைக்கருவேலத்துக்கு நடுவே ஒரு மண்பாதை. ஈ காக்கை இல்லை.

நீர்நாய்க் கணக்கெடுப்பு அவர் வேலை. பதினோரு நாள் மணலில் நடந்து கால் வீங்கியிருந்தது. பாக்கி ஒரே ஒரு மடு. அங்கேயும் தடம் இல்லையென்றால் அந்த இடத்தைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

இவாஞ்சலின் போன் செய்தாள். "ஆத்துல தண்ணியவே காணோம், நீங்க நீர்நாயத் தேடுறீகளாக்கும்? பேசாம இல்லைன்னு எழுதிட்டு வாங்க."

எழுதியிருப்பார். ஆனால் சீனிச்சாமி...

விசைத்தறியில் வலது கையின் இரண்டு விரல்களை இழந்து, இவரிடம் உதவியாளாக வேலைக்குச் சேர்ந்தவன். முந்தைய ஐப்பசியில் இதே மடு, இதே அலுப்பு. "ஏலே சீனி, நீ மட்டும் போய்ப் பாத்துட்டு வாலே" என்று அனுப்பிவிட்டு இவர் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். அரை மணியில் போன். "அண்ணே, தடம் கெடக்குண்ணே! எண்ணிட்டு வாரேன்."

மேற்கே பெய்த மழை அதற்குள் வெள்ளமாக இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. அவன் பார்த்த தடத்தை யாரும் நம்பவில்லை.

இந்த முறை மடு வறண்டு கிடந்தது. டார்ச் அடித்தார். காய்ந்த மணலில்... தடம். ஐந்து விரல், இடையில் ஜவ்வு. சொதசொதவென்று ஈரம். மீன் கவுச்சி குப்பென்று அடித்தது. ஈரம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை. எண்ணினார், படம் எடுத்தார். பதினேழு.

எண்ணிய தடத்தைக் கையால் அழித்துவிடுவது அவர்கள் வழக்கம். இல்லையென்றால் மறுபடி எண்ணிவிடுவார்கள். அழிக்கக் குனிந்தார்.

முதல் தடம் ஏற்கெனவே அழிந்திருந்தது. அடுத்ததும். சர்ர்... சர்ர்... மணலில் கை இழுபடும் சத்தம். ஒவ்வொன்றின் மேலும் மூன்று விரல் கோடு.

"சீனி... மன்னிச்சிருலே."

சத்தம் நின்றது.

திரும்பினார். வந்த வழியில் அவருடைய செருப்புத் தடம் ஒன்றுகூட இல்லை. மூன்று மூன்று கோடாக, கரை வரைக்கும்.

படங்கள் நன்றாக வந்திருந்தன. மடு பட்டியலில் தங்கிவிட்டது. ஜான்ராஜ் வேலையை விட்டுவிட்டார்.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில், பூச்சு வேலைக்குக் கொட்டிய மணல் பரந்து கிடந்தது. அதில் இவாஞ்சலின் தடம் இருந்தது. மகன் அஜினுடைய சின்னத் தடமும் இருந்தது. "அவுக இப்பத்தான் உள்ள போனாக, வா" என்றாள்.

அவர் தடத்தைக் காணோம். மூன்று மூன்று கோடாக, வாசற்படி வரைக்கும்... இன்னும் ஈரம் காயாமல்.