எல்டன் ஷ்ராக்கின் கோழிக்கூண்டு

மேடையில் வீற்றிருக்கும் பாஸ்டர் லாயிட் அவர்களே! பழம் போனோகிராஃப் சேகரிப்போர் கழகத்தின் துணைத்தலைவர், உதிரிபாகங்களின் நீதிபதி வெர்லின் பீச்சி அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வெல்மா ஷ்ராக் அம்மையார் அவர்களே! ஓஹாயோவின் நாலா மூலையிலிருந்தும், எல்லை தாண்டி இந்தியானாவிலிருந்தும் பனிச்சேற்றில் வண்டி ஓட்டி வந்திருக்கும் கழகத் தோழர்களே! மண்டபத்தையும் தந்து காப்பியும் போட்டு வைத்திருக்கும் தீயணைப்பு வீரர்களே! கழகச் செயலாளர் மெர்ல் டிராயராகிய நான் கனத்த மனத்தோடு உங்கள் முன் நிற்கிறேன்.

கனத்த மனம் மட்டுமல்ல, குழம்பிய மனமும்கூட. நான் ஒரு நல்ல உரை எழுதி வைத்திருந்தேன். மறைந்த நம் தலைவர் எல்டன் ஷ்ராக்கை அதில் வானளாவப் புகழ்ந்திருந்தேன். அந்த உரை இப்போது வெளியே என் வண்டியின் இருக்கையில் கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை வரை அதில் இருந்த ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தது. அதற்குப் பிறகு எது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை.

எல்டன் ஷ்ராக் யார்? ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்காகவே வாழ்ந்த மனிதர்! ஏலத்தில் போனோகிராஃப் பாட்டுப்பெட்டியின் குழல் பளபளப்பதைக் கண்டு நாம் கை தூக்கப் போகும்போது, பின்னாலிருந்து நம் முழங்கையைப் பிடித்து இறக்கியவர் யார்? எல்டன்! “பெயின்ட் அடிச்ச கிழட்டுக் குதிரையை வாங்காதப்பா. முதல்ல மூடியைத் திற. திருகாணித் தலையில இருக்கிற பிளவைப் பாரு, பழசுன்னா மெல்லிசா இருக்கும்” என்று கற்றுக்கொடுத்தவர் யார்? எல்டன்! ஒன்றின் உடலையும் இன்னொன்றின் குழலையும் சேர்த்துவைத்து ஒரே மெஷின் என்று விற்றவனை, சந்தை நடுவில் நிறுத்தி, “இவங்களுக்குக் கல்யாணம் பண்ணி வச்சது எந்த பாஸ்டர்?” என்று கேட்டவரும் அவரே!

டூப்ளிகேட் பாகம் என்றால் அவருக்கு வேப்பங்காய். அதற்குக் காரணமும் சொல்வார். புதிதாக வார்த்த ஊசித்தலை, பாட்டுப் பதிந்த மெழுகு உருளையின் மேல் உட்கார்ந்தால், பாட்டைப் பாடாது, பாட்டைச் சுரண்டி எடுத்துவிடும். ஒருமுறை சுரண்டிய குரல் திரும்ப வராது.

நம் கழகத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். யாராவது ஓர் ஒரிஜினல் பாகத்தைக் கொண்டுவந்தால், கூட்டத்தில் எழுந்து நின்று அது எங்கே கிடைத்தது என்று சொல்ல வேண்டும். பிறகுதான் கைதட்டல். மற்றவர்கள் எழுந்தால் ‘ஏலம்’ என்பார்கள், ‘மாமனார் வீட்டுப் பரண்’ என்பார்கள். எல்டன் எழுந்தால் மட்டும் நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வோம். இந்தியானாவில் ஓர் அம்மா, அவர் தோட்டத்தில் இடிந்த கோழிக்கூண்டு, அதற்குள் எச்சத்துக்கு அடியில் ஒரு போனோகிராஃப், சேவல் கொத்திய தழும்பு! நாம் வயிறு குலுங்கச் சிரித்தோம். டோரிஸ் யோடர் தன் மகள் கல்யாணத்துக்கு முன் மெஷினைப் பாட வைத்துவிட வேண்டும் என்று தவித்தபோது, ஸ்பிரிங் வந்தது அந்தக் கோழிக்கூண்டிலிருந்து. வெர்லினுடைய மெஷின் வெறிபிடித்த ஆட்டுக்குட்டியாகச் சுற்றியபோது, வேகத்தைச் சீராக்கும் குண்டுகள் வந்தன, எங்கிருந்து? கோழிக்கூண்டிலிருந்து. என் ஊசித்தலையும் அதே கூண்டுதான்.

தோழர்களே, ஒரு கோழிக்கூண்டில் எத்தனை போனோகிராஃப்தான் இருக்கும்? இத்தனை ஆண்டுகளில் நம்மில் ஒருவருக்காவது இந்தக் கேள்வி தோன்றியதா? தோன்றவில்லை. கேட்ட பொருள் கிடைத்த மகிழ்ச்சியில் நமக்குக் கணக்கு மறந்துவிட்டது.

இனி நம் துணைத்தலைவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சொல்கிறேன். எல்டன் கண்டெடுத்த பாகங்களில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு புள்ளிகள் இருப்பதை முதலில் கவனித்தவர் வெர்லின். அது தொழிற்சாலையின் முதல் வார்ப்பு முத்திரை என்று அவர் கழகத்தில் சொற்பொழிவாற்றினார். அன்றுமுதல் நாம் எல்லோரும் பூதக்கண்ணாடியும் கையுமாக இரண்டு புள்ளியைத் தேடித்தானே சந்தை சந்தையாக அலைகிறோம்? வேறெங்கும் அது கிடைக்காததால், அது எவ்வளவு அரிது என்றும் வியந்துகொண்டோம். அந்தச் சொற்பொழிவின்போது முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் எல்டன். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வெல்மா அம்மையார் என்னையும் வெர்லினையும் வீட்டுக்கு அழைத்தார். எல்டனின் முதல் மெஷின், அந்த ஓக் பெட்டி, சமையலறை மேசையில் இருந்தது. பக்கத்தில் ஒரு மெழுகு உருளை. கல்யாணமான புதிதில் எல்டன் அதே மெஷினில் வெல்மாவுக்காகப் பேசிப் பதிந்தது. இன்றைய கூட்டத்தில் அதைப் போட வேண்டும் என்றார். அதில் என்ன பேசியிருக்கிறார் என்று கேட்டேன்.

“மறந்துபோச்சு மெர்ல். அந்த வருஷம் கேட்டதுதான். அப்புறம் எப்பக் கேட்டாலும், ஸ்பிரிங் கிடைக்கட்டும், குண்டு கிடைக்கட்டும்னு தள்ளிப் போட்டுட்டே இருந்தாரு. மறந்ததாலதான் கேக்கணும்னு சொல்றேன்.”

நான் மூடியைத் திறந்தேன். என்ன கண்டேன்? ஒரிஜினலுக்காக வாழ்ந்த எல்டன் ஷ்ராக்கின் மெஷினுக்குள் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடம் காலி. குண்டுகள் கரடுமுரடான புது வார்ப்பு. ஊசித்தலை டூப்ளிகேட்! அடித்தகட்டில் மட்டும், ஒவ்வொரு பாகமும் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு புள்ளி.

வெர்லின் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். வெல்மா எங்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டே விளக்கினார். முதன்முதலில் மெஷினைப் பிரித்தபோது, திரும்ப மாட்டத் தெரியாமல் போய்விடுமோ என்று பயந்து, இதே மேசையில் வைத்து எல்டன் ஆணியால் பாகத்துக்கும் இடத்துக்கும் இரண்டிரண்டு புள்ளி வைத்தாராம்.

“ஏம்மா, அது தொழிற்சாலைக்காரன் வச்சது இல்லையா?” என்றார் வெர்லின், பாவம்.

“நான்தான் விளக்குப் புடிச்சேன்” என்றார் வெல்மா.

எங்கள் கோழிக்கூண்டுப் பாகங்களிலும் இதே புள்ளிதான் என்றேன்; வெல்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எங்கள் முகத்தைப் பார்த்தார், காலிப் பெட்டியைப் பார்த்தார். காப்பிக் கெண்டியைக் கீழே வைத்தார்.

“ஊரையெல்லாம் பாட வச்சிட்டு, என் வீட்டுல மட்டும் ஊமையாப் போட்டு வச்சிருந்தாரா?”

சபையோரே, நீங்கள் சொல்லுங்கள்! இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதரின் இரக்கமா இது? ‘எதையும் கண்டெடுப்பவர்’ என்று நாம் சூட்டிய பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் வீம்பா? கொடுத்தது அவருடைய மெஷின்தான், சரி. ஆனால் அது பாடிக்காட்ட வேண்டிய அந்தக் குரல் வெல்மாவுக்குச் சொந்தம் அல்லவா? டூப்ளிகேட் ஊசி அந்தக் குரலைச் சுரண்டிவிடும் என்று அஞ்சித்தான் அவர் அந்த முதல் வருஷத்துக்குப் பிறகு அதை ஒருநாளும் போடவில்லை. அப்படியென்றால் சனிக்கிழமைதோறும் சந்தைகளில் அவர் தேடி அலைந்தது யாருக்காக? ஒருவேளை வெல்மாவுக்காகத்தானோ? கிடைத்ததையெல்லாம் நடுவழியில் நாம்தான் கேட்டு வாங்கிக்கொண்டோமோ? நேற்று காலையில் அவரை வள்ளல் என்று நினைத்தேன். மத்தியானம் பொய்யர் என்று நினைத்தேன். இன்று சவரம் செய்யும்போது அவர் இல்லையே என்று அழுதேன். கன்னத்தில் வெட்டுக்காயம் இருக்கிறது, பாருங்கள்.

ஒன்று மட்டும் செய்தோம். டோரிஸ் யோடர் தன் ஸ்பிரிங்கை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். வெர்லின் தன் குண்டுகளைக் கழற்றினார். தன் சொற்பொழிவையும் அப்படியே கழற்றி வைத்துவிட்டார் என்பதை இங்கே பெருமையோடு சொல்கிறேன். என் மெஷினிலிருந்து ஊசித்தலையை எடுத்தேன். இந்த மண்டபத்தின் சமையலறையில், உருளைக்கிழங்கு சாலட்டுக்கும் பன்றி இறைச்சி ரொட்டிக்கும் நடுவே, மூன்றையும் மாட்டினோம். புள்ளியும் புள்ளியும் சேர்ந்தன. இதோ, வெள்ளைத் துணிக்கு அடியில் இருப்பது அந்த மெஷின். இன்னும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. பழைய மெழுகு. ஒருமுறை பாடும், மறுமுறை பாடுமா என்று வெர்லினாலும் சொல்ல முடியாது.

இரண்டு புள்ளி வைத்த மற்ற பாகங்கள் யார் யாரிடம் இருக்கின்றன என்று நான் கேட்கப்போவதில்லை. கடைசி வரிசையில் சிலர் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடுகிறார்கள். தேடுங்கள்.

இரங்கல் கூட்டம் என்றால், மறைந்தவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுக்க வேண்டும். எந்தப் பணியைத் தொடர்வது? ஒரிஜினல் வேண்டும் என்று ஊருக்குச் சொன்னாரே, அதையா? தன் வீட்டைக் காலியாக்கி ஊருக்குக் கொடுத்தாரே, அதையா? எனக்கு இன்னும் குழப்பம்தான். இதைக் காலையில் வெல்மாவிடமே கேட்டேன். பாகங்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு வேண்டாம் என்றும் சொன்னேன்.

அவர் மெஷினைத் தடவினார். பிறகு சொன்னார்:

“நான் ஒரு தடவை கேட்டுட்டாப் போதும். அப்புறம் அவங்கவங்க எடுத்துட்டுப் போய்ப் பாட வைங்க. ஆனா இனிமே எந்தக் கூட்டத்துலயாவது, இது எங்க கிடைச்சுதுன்னு கேட்டா, கோழிக்கூண்டுன்னு சொல்லாதீங்க. வெல்மா வீட்டுல கிடைச்சுதுன்னு சொல்லுங்க.”

தோழர்களே, என்னிடம் இருக்கும் உறுதிமொழி இது ஒன்றுதான். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். நம் கழக வழக்கப்படி, பாகம் கொண்டுவந்தவன் இடத்தைச் சொல்ல வேண்டும். நான் மெர்ல் டிராயர். என் ஊசித்தலை வெல்மா வீட்டிலிருந்து வந்தது.

வெர்லின், நீங்கள்? நன்றி. டோரிஸ்? நன்றி. கடைசி வரிசையிலும் கேட்கிறது. நன்றி, நன்றி.

வழக்கப்படி இப்போது கைதட்ட வேண்டும். தட்டாதீர்கள். இருமுகிறவர்கள் இப்போதே இருமிவிடுங்கள். வெல்மா, மேடைக்கு வாருங்கள். துணியை எடுத்துவிட்டேன். சுற்றிவிடும் கைப்பிடி உங்கள் பக்கம்தான் இருக்கிறது.