பீலியில் வைத்த குடம்

"ஃபேக்டரியில தேயில அரைக்கிற ரோலர நானே பூட்டிட்டேன்க்கா."

ஹட்டனிலிருந்து வட்டவளை போகும் பஸ்ஸில், முன் சீட்டில் லேப்டாப்போடு இருந்தவள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்.

"பூட்டுனியா?"

"ரெண்டு ப்ரோகிராம் ஒரே நேரத்துல அத ஓட்டி கொழப்புச்சு. ஒண்ணு ரோலர புடிச்சா மத்தது காத்திருக்கணும்னு மெஷின் கம்ப்யூட்டரோட கெர்னல்ல, அடி ப்ரோகிராம்ல எழுதி, காலையில போட்டுட்டு வந்தேன். தண்ணி கொட்டுற பீலியில ஒருத்தர் குடம் வச்சா மத்தவங்க நிக்கிற மாதிரி."

"நல்லதுதானே?"

"ரோலர ஓட்டுற ப்ரோகிராம் வேல முடியிற வரைக்கும் குடத்த எடுக்காது. அவசரமா நிறுத்துற பட்டன அமுக்குனாலும் அதுவும் வரிசையிலதான் நிக்கும். இப்பதான்க்கா ஞாபகம் வந்துச்சு."

"ஆபீசுக்குப் போன் போடு!"

"அடிக்குது. யாருமே எடுக்க மாட்றாங்க."

மற்றவள் முன்கம்பியை இறுகப் பிடித்தாள்.

"இன்னிக்கு ரோலர்ல நிக்கிறது எங்க வீட்டுக்காரரு, புள்ள."