ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வகுப்பு

சிரானுஷ்: ...சிரிக்காதீங்க பெர்ஹானே! இங்கிலீஷ் வகுப்பே ஆடிப்போச்சு. "நியூஃபவுண்ட்லாந்து மக்கள் கடவுளைப் பிடிச்சு, உப்புத் தடவி, வெயில்ல காயப்போட்டாங்க"ன்னு வாசிச்சா...

பெர்ஹானே: இங்கிலீஷ்ல அந்த மீனுக்கும் 'காட்', கடவுளுக்கும் 'காட்'. ஓரெழுத்து மாறிப்போச்சு, அவ்வளவுதானே?

சிரானுஷ்: அந்த உக்ரைன் அம்மா சிலுவை போட்டுக்கிட்டா!

பெர்ஹானே: பாத்தீங்களா, என் வாசிப்பால பக்தி வளருது.

சிரானுஷ்: ம்க்கும்... இந்தாங்க, மிளகாய் ரொட்டி. உங்க இஞ்சிக் காப்பியை இப்படித் தள்ளுங்க.

பெர்ஹானே: எனக்காகவா கொண்டு வந்தீங்க?

சிரானுஷ்: மிச்சம் இருந்துச்சு... கொண்டு வந்தேன்.

பெர்ஹானே: அலெப்போவுல மிச்சத்தைத்தான் இப்படிப் பட்டுத்துணி மாதிரி மடிச்சுக் கட்டுவாங்களா?

சிரானுஷ்: நான் தையல்காரி. எதையும் மடிச்சுத்தான் வைப்பேன். உங்க கார்ட்டூம் அரபியில கேலி வேற!

பெர்ஹானே: அஸ்மாராவுல பிறந்தவன், கார்ட்டூமுக்குப் பிழைக்கப் போன இடத்துல கத்துக்கிட்டது. அது இல்லேன்னா கனடாவுல இந்த விண்ணிபெக்ல உங்ககிட்ட என்னத்தைப் பேசறது? நம்ம இங்கிலீஷை வச்சுக்கிட்டு இன்னும் "இன்னிக்கு குளிர் அதிகம்"லயே நின்னிருப்போம்.

ஜோவான்: காப்பி குடிச்சது போதும், எல்லாரும் கேளுங்க! இன்னிக்கு வாசிப்புத் தேர்வு. ஆளுக்கு ஒரு மாகாணத்தைப் பத்தின பக்கம், ஒவ்வொருத்தரா உள்ளே வரணும். பாஸானவங்களுக்குத் திங்கட்கிழமையிலேர்ந்து ஆத்துக்கு அந்தப் பக்கம், மேல் வகுப்பு. மத்தவங்க இங்கேயே, என்னோட.

பெர்ஹானே: மிஸ் இங்கிலீஷ்ல சொன்னது புரிஞ்சுதா?

சிரானுஷ்: நான் என்ன, நேத்து வந்தவளா? அது இருக்கட்டும். உங்களை ஒண்ணு கேக்கணும். மழுப்பக் கூடாது.

பெர்ஹானே: கேளுங்களேன்.

சிரானுஷ்: போன வாரம் பஸ்ல, பக்கத்துல இருந்தவன் பேப்பரை எட்டிப் பாத்து ஹாக்கி சண்டையை எனக்கு வரி விடாமச் சொன்னீங்களே... அதெப்படி?

பெர்ஹானே: அது... படம் போட்டிருந்துச்சு.

சிரானுஷ்: படத்துலயே தெரிஞ்சுதா, நடுவர் மூக்குல எத்தனை தையல்னு?

பெர்ஹானே: ...காப்பி ஆறுது.

சிரானுஷ்: வேணும்னேதான் தப்பா வாசிக்கிறீங்க! ஏன்?

பெர்ஹானே: அந்தப் பக்கத்துக் கட்டடத்துல ஹீட்டர் சரியில்லையாம். அதை விடுங்க... நீங்க பாஸாகணுமா?

சிரானுஷ்: பின்னே? என் மக தலீன் தையல் கடை திறக்கப் போறா. வர்றவங்ககிட்ட இங்கிலீஷ்ல பேச ஆள் வேணும்ல? நான் போய்த்தான் ஆகணும்.

பெர்ஹானே: அப்போ... போயிடுவீங்க.

சிரானுஷ்: ஆத்தைத்தானே தாண்டப் போறேன், கடலையா?

பெர்ஹானே: கடலைத் தாண்டினப்போகூட எனக்கு இப்படி இல்ல.

சிரானுஷ்: என்ன முணுமுணுக்கிறீங்க?

பெர்ஹானே: ஒண்ணுமில்ல. உங்க பேரைத்தான் கூப்பிடறாங்க. போங்க... நல்லா வாசிங்க.

*

பெர்ஹானே: அதுக்குள்ள முடிஞ்சுதா? எப்படி?

சிரானுஷ்: கியூபெக் பக்கம் குடுத்தாங்க. தண்ணி பட்ட பாடு.

பெர்ஹானே: ஏன் தரையைப் பாத்துச் சொல்றீங்க?

சிரானுஷ்: பூட்ஸ்ல பனி ஒட்டியிருக்கு. போங்க, அடுத்தது நீங்கதான். பதற வேண்டாம், வழக்கம்போல வாசிங்க.

பெர்ஹானே: இன்னிக்கு வழக்கம்போல இல்ல.

சிரானுஷ்: என்னது...? பெர்ஹானே, நில்லுங்க!

*

ஜோவான்: உங்களுக்கு மறுபடியும் நியூஃபவுண்ட்லாந்துதான். இந்தத் தடவை கடவுளை விட்டுடுங்க.

பெர்ஹானே: "இந்தக் கரையோர மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காட் மீனை நம்பி வாழ்ந்தார்கள். கடலில் மீன் அருகிப்போனதும் படகுகள் கரையிலேயே நின்றன. பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேறு மாகாணங்களுக்குப் போனார்கள். போன இடத்திலும் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஒரு சமையலறை கிடைத்தால் போதும், பாட்டும் பேச்சும் அங்கே கூடிவிடும்..."

ஜோவான்: ஏன் நிறுத்திட்டீங்க?

பெர்ஹானே: ஒண்ணுமில்ல மிஸ். நல்லா எழுதியிருக்காங்க.

ஜோவான்: ஒரு தப்புகூட இல்ல! பாஸ். திங்கட்கிழமை அந்தப் பக்கம்.

பெர்ஹானே: சிரானுஷும் அங்கேதானே?

ஜோவான்: சிரானுஷா? மேப்பிள் மரம்னு இருந்த இடத்துலயெல்லாம் பீப்பிள்னு, ஜனங்கன்னு வாசிச்சாங்க. கியூபெக்ல வசந்தம் வந்தா ஜனங்களைத் துளை போட்டு, வாளி தொங்கவிட்டு, பாகு காய்ச்சறாங்களாம்.

பெர்ஹானே: சிரானுஷ்! கதவுக்குப் பின்னாடி நிக்கிறது தெரியுது, உள்ளே வாங்க!

சிரானுஷ்: ...எதுக்குக் கத்தறீங்க?

பெர்ஹானே: நீங்க ஏன் ஃபெயிலானீங்க?

சிரானுஷ்: நீங்க ஏன் பாஸானீங்க?

பெர்ஹானே: போறேன்னு சொன்னது நீங்கதானே!

சிரானுஷ்: சொன்னேன். உள்ளே போய் உக்காந்ததும் மனசு வரல. நீங்க இங்கேயேதான் இருப்பீங்கன்னு...

பெர்ஹானே: தலீன் கடை?

சிரானுஷ்: கடையில பேச தலீன் இருக்கா. அரபியில சிரிக்க எனக்கு யார் இருக்கா? பேரப்பசங்க சண்டைகூட இங்கிலீஷ்லதான் போடுதுங்க... மெதுவா, மிஸ் பாக்கறாங்க.

பெர்ஹானே: பாக்கட்டும், அவங்களுக்கு என்ன புரியப் போகுது? வேலை பாக்கற சலவைக்கூடத்துல நாள் பூரா மெஷின் சத்தம். வீட்டுக்குப் போனா அதுவும் இல்ல. ரொட்டிக்காகவா நான் இந்தப் பனியில வர்றேன்? உங்களுக்காகத்தான்.

சிரானுஷ்: ஐயோ... இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா கியூபெக் ஜனங்க பிழைச்சிருப்பாங்களே!

பெர்ஹானே: இப்ப என்ன பண்றது? நானும் ஃபெயில்னு போடச் சொல்லவா?

ஜோவான்: வேண்டாம். ரெண்டு பேரும் பாஸ். ஒரே பஸ்ல போங்க.

சிரானுஷ்: மிஸ்...! நீங்க... அரபியில பேசறீங்க!

ஜோவான்: எங்க அம்மா லெபனான்காரி.

பெர்ஹானே: அப்போ செப்டம்பர்லேர்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

ஜோவான்: சொன்னா வாயை மூடிக்குவீங்களே! உங்க ரெண்டு பேரையும் எப்பவோ மேல அனுப்பியிருக்கணும்... அம்மா போனப்புறம் என் காதுபட இந்தப் பாஷையில சண்டை போட ஆளே இல்ல. அதான், இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே தப்பா வாசிக்கட்டும்னு விட்டுட்டேன்.