மீனுக்கு ஆற்றுத் தண்ணீர்

இடுப்பு வலி இல்லாதவர்களுக்கு ஒரு மைல் என்பது ஒரு மைல்தான். எனக்கு அப்படி இல்லை. சூளைக்குள் தட்டு அடுக்கும்போது வழுக்கி விழுந்ததிலிருந்து இடுப்பின் இடது பக்கம் ஒரு இடம் கெட்டுப்போயிருக்கிறது. சுமையோடு நூறு அடி நடந்தால் அங்கே ஆணி இறங்கும். இருநூறு அடியில் கால் மரத்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சந்நிதிக்கு, விருத்தாசலம் பீங்கான் கம்பெனி லைன் வீடுகளில் ஆறாம் நம்பரில் குடியிருக்கும் அர்ச்சுனன் எழுதிக்கொள்ளும் பிராது. உங்கள் வேலில் கட்டும் காகிதத்தில், இன்னார் எனக்கு இன்ன அநியாயம் செய்தார், தொண்ணூறு நாளுக்குள் கேட்டுக் கொடும் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். என்னுடையது அப்படியில்லை. என் கையெழுத்தில் ஏற்கனவே ஒரு பிராது அங்கே தொங்குகிறது. அது பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாளுடையது. அவளுக்கு எழுதத் தெரியாது, நான் எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கு எண்பத்தாறாம் நாள். தொண்ணூறு ஆவதற்குள் என் பக்கத்தையும் நீங்கள் கேட்டுவிட வேண்டும்.

எனக்கு மெருகு அறையில் வேலை. ஜாடியோ பொம்மையோ, சூளைக்குப் போகும் முன் மெருகுக் கூழில் முக்கி எடுக்க வேண்டும். அந்தப் பளபளப்புக்கு ஈயம் சேர்ப்பார்கள். ஜெயராஜ் மேஸ்திரி புதிதாக வருகிறவனிடம் முதலில் சொல்வது இதைத்தான்: "கையக் கழுவாம சோத்துல கை வச்சேன்னு தெரிஞ்சா நானே கைய ஒடிச்சிடுவேன். உள்ள போனா வயித்தப் புடிச்சிக்கும், அப்புறம் மூளையப் புடிச்சிக்கும். ஒனக்கு ரெண்டாவது இருந்தாத்தான பயம்." எல்லோரும் சிரிப்போம். சாயங்காலம் ஆளுக்கொரு உருண்டை வெல்லம் தருவார். வெல்லம் தின்றால் ஈயம் இறங்கிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை.

தொட்டி கழுவிய கூழ் அடியில் சேறாகத் தங்கும். சனிக்கிழமை அதை இரண்டு தகரத்தில் வாரி, காவடிக் கழியில் மாட்டி, ரயில்வே கேட்டுக்கு அப்பால் ஒரு மைல் போய்க் கொட்ட வேண்டும். அது என் முறை. இடுப்பில் அடிபட்ட பிறகு இரண்டு மாதம் அப்படித்தான் சுமந்தேன். பிறகு லைன் வீடுகளுக்குப் பின்னால், களிமண் வெட்டி விட்டுப்போன பழைய குழியில் கொட்ட ஆரம்பித்தேன். கம்பெனியிலிருந்து இருநூறு அடி. மிச்ச நேரம் வேப்ப மரத்தடியில் இடுப்பை நீட்டிப் படுத்திருந்துவிட்டு வருவேன். யாரும் கேட்கவில்லை.

குழிக்குப் பக்கத்தில்தான் கிணறு இருக்கிறது. எட்டு வீட்டுக்கும் அந்த ஒரு கிணறுதான். சாந்து பூசாமல் செங்கல்லை வெறுமனே அடுக்கிய கிணறு. எனக்கு அது தெரியும். ஆனால் அப்போது நான் கிணற்றை யோசிக்கவில்லை, இடுப்பைத்தான் யோசித்தேன்.

இரண்டு வருடத்தில் என் மனைவி ஆதிலட்சுமிக்கு இரண்டு முறை கரு கலைந்தது. இரண்டுமே நான் குழிக்கு மாறிய பிறகு. அதைப் பற்றி நான் யோசிப்பதில்லை. அவள் பேச்சு நின்றுபோனது. சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டப் போனபோது, காத்திருக்கும் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. பச்சைச் செடி, கலர்க் கல், நடுவே சிவப்பு மீன்கள். ஆதிலட்சுமி ஒரு மணி நேரம் அதையே பார்த்தாள். பெயரைக் கூப்பிட்டபோது எழுந்திருக்க மனமில்லாமல், "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுங்க" என்றாள். நாலு மாதத்தில் அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு.

அதனால் ஒரு தொட்டி செய்தேன். அப்படி ஒன்றைக் காசு கொடுத்து வாங்க என்னால் முடியாது. கம்பெனியில் ஒடிந்துபோன தட்டுச் சட்டத்தின் இரும்பைப் பட்டறையில் கொடுத்து வெட்டிப் பற்றவைத்துத் தரச் சொன்னேன். ஜன்னல் கண்ணாடித் துண்டுகள் கடைக்காரரிடம் சும்மாவே கிடைத்தன. சுண்ணாம்புக்கட்டித் தூளில் ஆளிவிதை எண்ணெய் விட்டுப் பிசைந்து பட்டி வைத்து ஒட்டினேன். மூலையில் கசிந்த இடத்தில் வெளியே தார் தடவினேன். அடியில் மணிமுத்தாற்று மணல், ஏழு தண்ணீர் அலசியது. மேலே கலர்க் கல்லுக்குப் பதிலாக, சூளையில் வெந்து உடைந்த பொம்மைத் துண்டுகள். பச்சை, நீலம், தேன் நிறம் என்று தேடிப் பொறுக்கி, கூர் மழுங்கக் கல்லில் தேய்த்துப் போட்டேன். ஏரியிலிருந்து வேலம்பாசியும், நாடா மாதிரி நீளும் ஒரு செடியும் வேரோடு பிடுங்கி வந்து நட்டேன். கூரையில் ஒரு ஓடு எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்து, நேர் கீழே தொட்டியை வைத்தேன். பத்து மணி வெயில் தொட்டிக்குள் இறங்கும்போது அந்த இருட்டு வீட்டில் ஒரு துண்டு வயல் மிதப்பது போல இருந்தது.

மீனுக்குச் சேத்தியாத்தோப்பு போனேன். தின்னத் தேறாத, சிவப்புக் கோடு போட்ட பொடி மீன்களை வலைக்காரர்கள் ஒதுக்கிப் போடுவார்கள். எட்டு மீனை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆதிலட்சுமி ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தித் தொட்டியில் விட்டாள். அன்று அவள் சிரித்தாள்.

இரண்டாம் நாள் எட்டும் மிதந்தன.

பொம்மைத் துண்டுதான் காரணம் என்று நினைத்து, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் மணலில் வேறு எட்டு விட்டேன். அவையும் செத்தன. மூன்றாம் முறை, வலைக்காரர் ஒருவர், "புடிச்ச எடத்துத் தண்ணி மாரி ஆத்துத் தண்ணியா வுட்டுப் பாருய்யா, கெணத்துத் தண்ணி சிலதுக்கு ஆவாது" என்றார். சைக்கிளில் இரண்டு குடம் கட்டி ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினேன். மீன்கள் பிழைத்தன. பொம்மைத் துண்டுகளைத் திரும்பப் போட்டேன். அப்போதும் பிழைத்தன.

அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆதிலட்சுமி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஒரே ஒரு மீனை எடுத்து, கிணற்றுத் தண்ணீர் இருந்த சொம்பில் விட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் அது பக்கவாட்டில் படுத்து வாயைத் திறந்து திறந்து மூடியது. கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். ஐப்பசி மழையில் குழி நிரம்பி வழிந்திருந்தது. குழிப்பக்கத்துச் செங்கல் இடுக்குகளில் வெள்ளைக் கோடுகள் இறங்கியிருந்தன. மெருகு அறையில் இருப்பவனுக்கு அந்த வெள்ளை தெரியும். கொளஞ்சியம்மாள் அப்போது தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாண்ணே, உள்ள எதுனா வுழுந்துடுச்சா?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி" என்றேன்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும், லைன் வீடு போகும், எட்டு வீட்டு ஆம்பிளைகளும் என்னை அதே கிணற்றில் தூக்கிப் போடுவார்கள். ஆதிலட்சுமி மறுபடி பேச்சை நிறுத்துவாள். பயந்தவன் எடுக்கும் முடிவை எடுத்தேன். அதன் பிறகு எங்கள் இருவருக்கும் மீன்களுக்கும் ஆற்றுத் தண்ணீர்தான். டாக்டர் சொன்னார் என்று ஆதிலட்சுமியிடம் சொன்னேன்.

கொளஞ்சியம்மாள் வாசலில் நின்று கேலி செய்வாள். "ஊரே கெணத்துத் தண்ணி குடிக்குது, ஒங்க வூட்டு மீனுக்கு மட்டும் ஆத்துத் தண்ணியா? போன ஜென்மத்துல ஜமீன்தாரா இருந்துச்சோ?"

"உப்புத் தண்ணி அதுக்கு ஆவாதும்மா."

"எங்களுக்கு மட்டும் ஆவுதாக்கும்."

அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. புருஷன் நெய்வேலியில் கூலி வேலை, வாரம் ஒரு முறை வருவான். அவள் பெண் நீலாவதிக்கு உங்கள் சந்நிதியில் காது குத்தியபோது தாய்மாமன் இடத்தில் நான்தான் மடியில் வைத்துக்கொண்டேன். ஐந்து வயது. தினமும் தொட்டி முன்னால் வந்து குந்திக்கொள்ளும்.

"மாமா, மீனு எப்ப தூங்கும்?"

"தூங்கிக்கிட்டுத்தான் இருக்குது. அதுக்குக் கண்ணு மூடாது."

மாசியில் நீலாவதிக்கு வயிற்று வலி வந்தது. முகம் வெளுத்தது. சோறு இறங்கவில்லை. நான் இரக்கமில்லாதவன் இல்லை. எனக்குக் கொடுக்கும் வெல்ல உருண்டையை ஒரு நாள் விடாமல் அந்தக் குழந்தைக்குக் கொடுத்தேன். அவள் அதைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துக் குடித்தாள்.

பங்குனியில் ஆறு வற்றிவிட்டது. மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு ஒரு குடம் நிரப்ப அரை மணி நேரம் ஆகும். அந்தச் சமயத்தில்தான் கொளஞ்சியம்மாள் வந்தாள்.

"தண்ணி மாத்திப் பாருன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்கண்ணே. ஒரு கொடம் குடுங்க, புள்ள குடிக்கட்டும்."

"இன்னிக்கு மீனுக்கே பத்தல தங்கச்சி. நாளைக்கு ஒனக்குன்னு தனியா ஒரு கொடம் கொண்டாறேன்."

குடம் நிறையத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். தண்ணீர் மாற்றியதும் குழந்தை தேறினால், கேள்வி எங்கே போய் நிற்கும்? கிணற்றில். கிணற்றிலிருந்து குழிக்கு எத்தனை அடி?

மறுநாள் கொண்டுவரவில்லை. அவள் இரண்டாம் முறை கேட்கிற பெண் இல்லை.

ஆனால் ஆதிலட்சுமி எனக்குத் தெரியாமல் தினம் ஒரு சொம்பு கொடுத்திருக்கிறாள். நாலாம் நாள் நான் வேலை முடிந்து வரும்போது நீலாவதி தொட்டி முன்னால் குந்தியிருந்தாள். வலி அடங்கியிருந்தது. என்னைப் பார்த்து, "மாமா, இதுக்குப் பசிக்குது" என்று ஒரு மீனைக் காட்டிச் சிரித்தாள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை. செத்த மீனைப் பார்த்தபோதுகூட அந்த அளவு இல்லை. அன்றைக்கே ஆதிலட்சுமிக்கு எட்டாதபடி குடங்களைப் பரண் மேல் ஏற்றினேன்.

"அந்தப் புள்ளைக்கு ஒரு சொம்பு குடுத்தா என்னாங்க கொறஞ்சிடும்?" என்றாள் ஆதிலட்சுமி.

"ஒருத்தருக்குக் குடுத்தா எட்டு வூடும் வந்து நிக்கும். என் இடுப்பு தாங்குமா?" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

அதிலிருந்து பதினோராம் நாள் நீலாவதிக்குக் கை கால் இழுப்பு வந்தது. மூன்று முறை. அவள் கண்ணை மூடிவிட்டவன் நான்தான். மாமன் முறை.

காரியம் முடிந்த மறுநாள் கொளஞ்சியம்மாள் ஒரு வெள்ளைக் காகிதத்தோடு வந்தாள். யாரோ தின்பதில் மருந்து கலந்து குழந்தைக்கு வைப்பு வைத்துவிட்டார்கள் என்பது அவள் எண்ணம். தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "எம் பொண்ணு வயித்துல வெசத்த வச்சவங்க வயித்துல நீ கை வைக்கணும்" என்றாள். எழுதினேன். பெயர் என்று வந்த இடத்தில் பேனாவை நிறுத்தினேன்.

"பேரு வாணாண்ணே. யாருன்னு அவருக்குத் தெரியாதா?"

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்குவதில்லை. கோயில் மணி கேட்டால் வியர்க்கிறது. ஏனென்றால் ஆதிலட்சுமிக்கு இது ஆறாம் மாதம். இந்த முறை தங்கியிருக்கிறது. உள்ளே புரளுகிறது என்று என் கையை எடுத்து வைத்துக் காட்டுகிறாள். நான் கையை இழுத்துக்கொள்கிறேன். நீங்கள் கை வைக்கப்போகும் வயிறு எது என்று எனக்குத் தெரியும். நானே எழுதிக் கொடுத்த வாசகம் அது.

அதனால்தான் ஒன்றையும் மறைக்காமல் உங்களிடம் சொல்கிறேன். சேற்றை இப்போது எங்கே கொட்டுகிறாய் என்று கேட்பீர்கள். நீலாவதி போன பிறகு நாலு சனிக்கிழமை ரயில்வே கேட்டுக்கு அப்பால் சுமந்தேன். ஐந்தாம் வாரம் இடுப்பு விட்டுவிட்டது. மறுபடி குழிக்குத்தான் போகிறேன். ஆடி பிறந்துவிட்டது, குழியில் இப்போது தண்ணீர் இல்லை. மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ராட்டினம் கிரீச்சிடுகிறது. யாரோ இறைக்கிறார்கள். கொளஞ்சியம்மாளாக இருக்கலாம். அவளுக்கும் கொஞ்ச நாளாக வயிறு வலிக்கிறதாம். எழுந்து போய்ச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் மாசமாக இருக்கும் ஒரு பெண் காதில் இந்தச் சமயத்தில் இதெல்லாம் விழக்கூடாது. அவளுக்காகத்தான் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளை பிறக்கட்டும்.

குற்றத்தை ஒப்புக்கொண்டவனை நீங்கள் விட்டுவிடுவீர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தொண்ணூறாம் நாளுக்குள் கொளஞ்சியம்மாளின் பிராதைத் தள்ளிவிடுங்கள்.

நாளைக்குத் தருகிறேன் என்று அவளிடம் சொன்ன ஒரு குடம் ஆற்றுத் தண்ணீர் இன்னும் பாக்கி. அது ஒன்றைத் தவிர, யாருக்கும் நான் எதுவும் தர வேண்டியதில்லை.