தெரிஞ்சே வித்தது

சங்கரன்கோவிலில் இருந்து கிளம்பிய திருவேங்கடம் பஸ். அடுத்தவர் பேச்சில் காது வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் முன்சீட்டு ஆட்டு வியாபாரிகளில் இளையவர் இப்படி ஆரம்பித்தார்:

“மழை பெய்யாததுக்கு பெட்ரோல் கம்பெனிக்காரன் மேல மோசடி கேஸ் போடுதாங்களாம் அண்ணாச்சி, வெளிநாட்டுல.”

“மழைக்கும் அவனுக்கும் என்னடே?”

“பெட்ரோலை எரிச்சா வானிலை கெட்டுப்போகும்னு அவனுக்கு அப்பவே தெரியுமாம். மறைச்சு வித்திருக்கான்.”

“நீயுந்தான் கழிச்சல் கண்ட கிடாய மறைச்சு குருவிகுளத்துக்காரன் தலையில கட்டுன.”

“கட்டுனேன். ஊர்க்கூட்டத்துல கேட்டாங்க. ஒத்துக்கிட்டு, கிடாயத் திருப்பி ஓட்டிட்டு வந்தேன்லா.”

பெரியவர் சிரித்தார். இளையவர் சிரிக்கவில்லை.

“இவன் வித்தத எல்லாம் எரிச்சாச்சே, அண்ணாச்சி. எதைத் திருப்பி ஓட்டிட்டுப் போவான்?”